பத்தொன்பது நாள் சட்டி

ஹமமாட்சுவில் எனக்குக் கரி விசிறுகிற வேலை.
கம்பியில் குத்தப் பழக மூன்று வருசம்,
கீறப் பழக எட்டு வருசம்,
சுடப் பழக ஓர் ஆயுள் என்றார் கடைக்காரர் மியாகே.
என் விசாவில் ஆயுள் இல்லை.
இரண்டு வருசமும் நாற்பது நாளும் இருந்தது.

எந்த ஊர் என்று ஒருநாள் கேட்டார்.
திருகோணமலை. தெரியாது என்றார்.
நாற்பத்திரண்டில் அவர் நாட்டு விமானங்கள் வந்து
சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததை
நான் சொல்லவில்லை.
கரி மங்கியிருந்தது. விசிறினேன்.

விலாங்கை அங்கே முதுகால் கீறுவோம்.
கண்ணருகே ஒரு குத்தூசி, பலகையோடு சேர்த்து.
பிறகு கத்தி ஒரே ஓட்டம்.
வயிற்றைக் கிழித்துச் சாவது வாள் கட்டியவர்களின் வழக்கமாம்,
மீனுக்கு அந்தச் சாவைக் கொடுக்கக் கூடாதாம்.
மேற்கே போனால் வயிற்றால்தானாம்.
அது வியாபாரிகளின் பக்கம்,
வயிறு திறந்து பேசுவது அங்கே நல்ல குணம்.

கடை மூலையில் கழுத்துவரை கறுத்த ஒரு சாடி.
சுட்ட விலாங்கை அதன் குழம்பில் முக்கி
மறுபடி சுட்டு, மறுபடி முக்கி,
சோற்றின் மேல் போர்வைபோலப் போட வேண்டும்.
குழம்பு குறையக் குறைய ஊற்றுவார்கள்.
கழுவ மாட்டார்கள். ஒருநாளும்.
குண்டு விழுந்த இரவில் மியாகேயின் அப்பா
பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு
சாடியை அணைத்துக்கொண்டு ஓடினாராம்.
அந்தப் பிள்ளை நான்தான் என்று சிரித்தார்.

இப்போது உப்புவெளியில் என் குசினி.
ஆறு மேசை, ஒன்று ஆடும்.
கிண்ணியா ஜெசூர் கண்டல் வேருக்குள் கூடு வைத்து
ஈரச் சாக்கில் கொண்டுவருவான்.
"பாம்புக்குத் தலை காட்டும், மீனுக்கு வால் காட்டும்,
சென்றியில நாங்க நிண்ட மாதிரி" என்பான்.
சாக்கு அவன் கையில் நெளியும்.

மிரின் என்றால் மது, ஜெசூர் தொடமாட்டான்.
கித்துள் பாணி விட்டேன்.
சான்ஷோ கிடைக்காது.
தேசிக்காய்த் தோலைக் காயவைத்து மிளகோடு இடித்தேன்.
ஜெசூர் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்றான்,
உறைப்புக் காணாது என்றான்,
தேங்காய்ச் சம்பல் கேட்டான். கொடுத்தேன்.
மியாகே பார்த்திருந்தால் கடையைப் பூட்டியிருப்பார்.

பத்தொன்பது நாள்.
பதினோராம் நாள்தான் விலாங்கின் கொழுப்பு
குழம்போடு சண்டை நிறுத்தியது.
பதினேழாம் நாள் மூடியைத் திறந்தேன்,
ஹமமாட்சுவின் பின்வாசல், மழை, என் ஈரச் சப்பாத்து
எல்லாம் ஒரு கணம் சட்டிக்குள் இருந்தன.

இருபதாம் நாள் காலை
சட்டி வெயிலில் கவிழ்ந்து கிடந்தது.
பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்து
வாங்கிய நாளின் சிவப்பு திரும்பி வந்திருந்தது.
"அடியில கரி பிடிச்சிருந்தது அண்ணை,
முழுக்க எடுத்திட்டன்" என்றாள் தவமலர்.
வேலைக்கு வந்து அவளுக்கு மூன்றாம் நாள்.

கத்தவில்லை.
மியாகேயின் அப்பா கதையைச் சொன்னேன்,
அதுவும் ஒருவகைக் கத்தல்தான்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி கேட்டாள்.
"மூதூரால நாங்க ஓடேக்க அடுப்பில சோறு கொதிச்சது.
வடிக்காமல் வந்திட்டன், வடிக்காமல் வந்திட்டன் எண்டு
அம்மா ஆறு மாசம் அதையேதான் சொன்னவ."
பிறகு,
"அந்தப் பிள்ளை வழியில அழேல்லையோ?"

இரண்டு வருசமும் நாற்பது நாளும்.
நான் அதைக் கேட்டதே இல்லை.

வாசலில் ஜெசூரின் சைக்கிள் மணி.
சாக்கில் மூன்று.
முதலாவதைப் பலகையில் வைத்து ஊசியை ஊன்றினேன்.
முதுகு.
கை அதைத்தான் பழகியிருக்கிறது.
சோயாவை ஊற்றினேன், பாணியை ஊற்றினேன்,
முள்ளையும் தலையையும் சுட்டுப் போட்டேன்.
குழம்பு மெல்லிசாக, வெட்கமில்லாமல்,
நேற்றுப் பிறந்ததுபோல் மணந்தது.

தவமலர் பின்னால் நின்றாள்.
"இது கழுவுறதோ, கழுவாததோ?"
கழுவாதது என்றேன்.
அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து
மறக்காமலிருக்கச்
சட்டியின் வயிற்றில் பெரிதாக ஒரு புள்ளடி போட்டாள்.